வீட்டு வளவில் ஒரு தடாகம்

 

 

சில வாரங்களுக்கு முன்னர் ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் இறங்கியபோது ஒரு தகப்பனார் என்னை நிறுத்தினார். அவருடைய விரலைப் பிடித்தபடி ஏழு வயது மதிக்கத்தக்க மகன் நின்றிருந்தார். "மௌலவி, மகன் ஜேம் போத்தலில் வாற்பேத்தைகளைப் பிடித்து வைத்திருக்கிறார். இது மார்க்கத்தில் கூடுமா? உம்மா டெங்கு வரும் என்று பயப்படுகிறா. நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்" என்றார். தலைப்பிரட்டை என்று புத்தகங்கள் கூறும் தவளைக் குஞ்சைத்தான் நாம் வாற்பேத்தை என்கிறோம்.

அந்தச் சிறுவர் ஒரு காழியின் முன் நிற்பவரைப் போல என்னைப் பார்த்தார். "எத்தனை இருக்கின்றன, மகன்?" என்று கேட்டேன். "பதினேழு" என்றார். "எத்தனை பிடித்தீர்கள்?" "இருபத்திரண்டு." மிகுதி ஐந்தும் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவருடைய கண்கள் நிலத்தை நோக்கித் தாழ்ந்திருந்தன.

இன்றைய உரை அந்தச் சிறுவருக்கும் அவருடைய உம்மாவுக்கும் உரியது. தொழுகையையும் நோன்பையும் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் மௌலவி தவளையைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் புன்னகைக்கலாம். தவளையைப் பற்றி நமது ஹதீஸ் கிரந்தங்களிலேயே ஒரு தீர்ப்பு இருக்கின்றது என்பதை நானும் ஒரு தவறு செய்த பின்னர்தான் விளங்கிக்கொண்டேன்.

2000ஆம் ஆண்டில் நான் அரபுக் கல்லூரியில் ஓதச் சேர்ந்தேன். அருகிலிருந்த பழைய பள்ளிவாசலில் அக்காலத்தில் வுழூச் செய்வதற்குக் குழாய்கள் இருக்கவில்லை. பாசி படர்ந்த சுவர்களையுடைய பெரியதொரு ஹவ்ழ் இருந்தது. அதில் சிறு மீன்கள் ஓடித் திரியும். மழைக்காலத்தில் தவளைகளும் வந்து சேரும். அந்தப் பள்ளியின் மோதினார் கூன் விழுந்த முதியவர். ஸுபஹ் அதானுக்கு முன்னர் அவர் முதலில் செல்வது ஹவ்ழின் ஓரத்திற்குத்தான். தென்னம் பலகைத் துண்டு ஒன்றைக் கயிற்றால் தூணில் கட்டி நீரில் மிதக்க விட்டிருப்பார். அதைச் சற்று அசைத்துப் பார்த்துவிட்டே அதான் சொல்லப் போவார். செருப்பு வைக்கவோ சவர்க்காரம் வைக்கவோ போட்ட பலகை என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒருநாள் கேட்டபோது, "வால் போன சின்னக் குட்டிகள் ஏற ஒரு வழி வேணுமே மகன், சுவர் வழுக்குதுதானே" என்றார். நாங்கள் அவர் பார்க்காத பக்கம் திரும்பிச் சிரித்தோம்.

அந்த நாட்களில் ஒரு மழை இரவு, விடுதிக் குளியலறை வாசலில் ஒரு பெரிய தேரை வந்து உட்கார்ந்திருந்தது. மாணவர்களில் ஒருவர் சமையலறையிலிருந்து ஒரு பிடி உப்பைக் கொண்டுவந்தார். உப்பைப் போட்டால் தேரை துள்ளும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போட்ட கைகளில் என் கையும் ஒன்று. அது துள்ளவில்லை. முன் கால்களால் கண்களைத் துடைத்துத் துடைத்து, சுவரோடு சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சத்தம் கேட்டு வந்த மோதினார் ஒரு கெண்டித் தண்ணீரை அதன் மீது மெதுவாக ஊற்றினார். எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் அந்த இரவை நான் மறந்திருப்பேன்.

சில ஆண்டுகள் கழித்து ஹதீஸ் பாடத்தில் ஸுனன் அபூதாவூதை ஓதினோம். ஒரு வைத்தியர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தவளையை மருந்தில் சேர்ப்பதைப் பற்றிக் கேட்டதும், அதைக் கொல்ல வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்ததும் அப்துர் ரஹ்மான் இப்னு உஸ்மான் (ரழி) அவர்களின் அறிவிப்பாக அதில் வருகின்றது. இமாம் நஸாயீ அவர்களும் இதனைப் பதிவு செய்துள்ளார்கள். கேட்டவர் வைத்தியர் என்பதையும், கேட்கப்பட்டது மருந்து என்பதையும் கவனியுங்கள். ஒரு நோயாளியின் தேவைக்கே இந்தத் தடை என்றால், விடுதி வாசலில் விளையாட்டுக்காக உப்பை அள்ளிய எங்களுக்கு அங்கே என்ன இடமிருக்கின்றது? உஸ்தாத் அடுத்த ஹதீஸுக்குப் போய்விட்டார்கள். நான் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

உப்பு ஏன் அவ்வளவு கொடியது என்பது பின்னர் வாசித்தபோதுதான் புரிந்தது. தவளை வாயால் நீர் அருந்துவதில்லை, தோலால் உறிஞ்சிக்கொள்கின்றது. மூச்சின் ஒரு பகுதியும் அந்த ஈரத் தோல் வழியாகவே நடைபெறுகின்றது. ஆகவே உப்பு, சவர்க்கார நுரை, நுளம்புக்குப் பூசும் களிம்பு, தோட்டத்துக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து யாவும் அதன் உடலுக்குள் நேரே இறங்குகின்றன. நமக்குத் தோல் ஒரு போர்வை. தவளைக்கோ அதுவே வாயும் நெஞ்சும்.

இவ்விடத்தில் மேடைப் பேச்சாளர்களுக்கும் ஒரு சொல். தவளையின் சத்தம் தஸ்பீஹ் என்று நபிமொழியாகவே சிலர் பேசுகின்றனர். அது நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களின் கூற்றாகவே அறியப்படுகின்றது; நபியவர்களோடு இணைத்துச் சொல்லும் அறிவிப்பு பலவீனமானது. நமக்கு அந்தப் பலவீனமான அறிவிப்பு தேவையுமில்லை. அல்லாஹ்வைத் துதிக்காத எந்தப் பொருளும் இல்லை, ஆனால் அவற்றின் துதியை நீங்கள் விளங்கமாட்டீர்கள் என்ற கருத்தை அல்இஸ்ரா அத்தியாயத்தின் 44ஆம் வசனம் தருகின்றதே, அது போதாதா? அல்அஃராப் அத்தியாயத்தின் 133ஆம் வசனத்தில் பிர்அவ்னின் சமூகத்திற்கு அனுப்பப்பட்ட அத்தாட்சிகளுள் ஒன்றாகத் தவளை பெயர் குறிப்பிடப்படுகின்றது. வெள்ளத்தோடும் வெட்டுக்கிளியோடும் சேர்த்து எண்ணப்பட்ட ஒரு படைப்பை நாம் அற்பமாக எண்ணுவதற்கில்லை.

அசுத்தம் பற்றியும் பலர் கேட்கின்றனர். வுழூச் செய்யும் வாளியில் தவளை பாய்ந்துவிட்டால் தண்ணீரைக் கொட்டிவிடும் வீடுகளை நான் அறிவேன். ஷாபிஈ மத்ஹபில் நாயும் பன்றியும் அவற்றின் வழி வந்தவையும் தவிர, உயிருள்ள மிருகங்கள் யாவும் சுத்தமானவை. உயிருள்ள தவளை தொட்டதனால் தண்ணீர் நஜீஸாகிவிடாது. அது செத்து விழுந்தால் சட்டம் வேறு. அப்போதும் இரண்டு குல்லத்தும் அதற்கு மேலும் உள்ள நீர், நிறமோ சுவையோ மணமோ மாறாதவரை சுத்தமாகவே இருக்கும். தவளையைத் தொட்டால் மரு உண்டாகும் என்பதும் வெறும் பேச்சு. ஆனால் தேரையின் கண்களுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகளில் நஞ்சுண்டு. தொட்ட கையைக் கழுவாமல் கண்ணையோ வாயையோ தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இனி, அந்த ஜேம் போத்தலுக்கு வருவோம்.

பிள்ளை ஒரு சிற்றுயிரைப் பார்த்துப் பராமரிப்பதை நபியவர்கள் வெறுக்கவில்லை. அபூ உமைர் என்ற சிறுவரிடம் அவருடைய சின்னஞ்சிறு குருவியைப் பற்றி நபியவர்கள் பரிவோடு விசாரித்த நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதே கிரந்தங்களில்தான் பூனையை அடைத்து வைத்த பெண்ணின் செய்தியும் வருகின்றது. அவள் அதற்கு உணவு கொடுக்கவுமில்லை. தானாகத் தேடி உண்ணும்படி அவிழ்த்து விடவுமில்லை. ஜேம் போத்தலை இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். சிறுவரின் ஆசை அபூ உமைரின் ஆசை. ஆனால் போத்தலோ பூனையை அடைத்த அறை. இருபது வாற்பேத்தைகள் அந்தக் கொஞ்ச நீரிலுள்ள ஒட்சிசனை விரைவில் முடித்துவிடும். அவற்றின் கழிவே அவற்றுக்கு நஞ்சாகும். குழாய் நீரை ஊற்றி மாற்றினால் அதிலுள்ள குளோரின் கொல்லும். ஐந்து செத்ததில் வியப்பில்லை.

ஆகவே அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்ன பதில்: போத்தலில் உள்ளவற்றை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள், வளவில் ஒரு சிறிய தடாகம் அமைத்துக் கொடுங்கள். அவர் உடனே, "டெங்கு?" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு நான் எளிதாகப் பதில் சொல்ல முடியாதவன். காரணத்தைச் சொல்கிறேன்.

2017ஆம் ஆண்டை நமது நாட்டவர் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஓராண்டில் மாத்திரம் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குச் சந்தேக நோயாளர்களாகப் பதிவானார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். ஜூன் மாதத்தில் எனது இளைய மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அவருக்கு அப்போது மூன்று வயது. கட்டில்கள் நிரம்பி வழிந்த வார்டில், குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு ஐந்து இரவுகள் இருந்தோம். ஆறாம் நாள் அல்லாஹ்வின் அருளால் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது.

உடை மாற்றுவதற்காக நான் வீட்டுக்கு வந்தேன். வளவின் மூலையில் ஒரு பழைய சீமெந்துத் தொட்டி இருந்தது. அதில் மழை நீர் தேங்கி, என் மூத்த மகன் வாற்பேத்தைகளைப் பார்த்து வந்தார். அவருக்கு ஆறு வயது. பாடசாலை விட்டு வந்தால் புத்தகப் பையைக் கழற்று முன்னரே அங்கேதான் போவார். அன்று அவர் தன் உம்மம்மா வீட்டில் இருந்தார். தொட்டியைக் கண்டதும் எனக்கு வந்தது கோபமா, பயமா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியாது. வாளி வாளியாக அள்ளி வடிகானில் ஊற்றினேன். அடியில் பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். சீமெந்தில் கறுப்பாகத் துடித்துக்கொண்டிருந்தவற்றை நான் காணவில்லை என்று சொல்லமாட்டேன், கண்டேன். சிலவற்றுக்குப் பின்னங்கால்கள் முளைத்திருந்தன.

மகள் வீடு திரும்பிய மறுநாள் பிரதேசத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நான் சற்றுப் பெருமையோடு காய்ந்த தொட்டியைக் காட்டினேன். அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, சமையலறைக்குள் சென்று குளிர்சாதனப் பெட்டியை முன்னுக்கு இழுத்தார். அதன் பின்புறத்தில், நீர் வடிந்து தேங்கும் தட்டு ஒன்று இருக்கின்றதல்லவா? அதில் டோர்ச்சை அடித்தார். நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. பின்னர் ஏணி வைத்து, இலைகள் அடைத்துக் கிடந்த கூரைப் பீலியைப் பார்த்தார். அங்கும் இருந்தன. கோழிக்கூட்டின் பின்னால் கிடந்த இரண்டு சிரட்டைகளிலும் இருந்தன. "தொட்டியில் என்ன இருந்தது?" என்று கேட்டார். வாற்பேத்தைகளும் தும்பியின் குடம்பிகளும் என்றேன். "நுளம்புக் குடம்பி கண்டீர்களா?" என்றார். நான் தேடிப் பார்த்திருக்கவில்லை.

மாலையில் மகன் வந்தார். தொட்டியின் ஓரத்தில் நின்று, "வாப்பா, எல்லாம் தவளையாகிப் போயிட்டுதா?" என்று கேட்டார். தவளையைக் கொல்ல வேண்டாம் என்ற ஹதீஸை மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் நான், அன்று "ஆம்" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு ஓராண்டு எடுத்தது.

அறிந்துகொள்ளுங்கள். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பெரிதும் நாடுவது சிறு கொள்கலன்களையே. டயர், யோகட் கோப்பை, பூச்சாடியின் கீழ்த் தட்டு, எறும்புக்காகக் கட்டிலின் கால்களுக்கு வைக்கும் சிரட்டை, பீலி இவையே அதன் வீடுகள். அது முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டுகின்றது. நீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதங்கள் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் பட்டால் ஒரு வாரம், பத்து நாட்களில் நுளம்பு பறந்துவிடும். தும்பிக் குடம்பியும், மல்லாந்து நீந்தும் நீர்ப்பூச்சியும், சிறு மீனும் வாழும் குளத்தில் நுளம்புக் குடம்பி பிழைப்பது கடினம். இதற்காக, தவளை இருந்தால் டெங்கு வராது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வோர் மிகைப்படுத்துகின்றனர். வளர்ந்த தவளை உண்பதில் நுளம்பு சிறு பங்குதான். உயிரில்லாமல் தேங்கி நிற்கும் தொட்டி நிச்சயமாக ஆபத்தானது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் அது தண்டனைக்குரிய குற்றமுமாகும். எனவே தடாகம் வைக்கும் வீட்டவர், வாரத்தில் ஒருநாள் வெள்ளைக் கோப்பை ஒன்றால் நீரை அள்ளி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நெளியும் குடம்பிகள் தொடர்ந்து தென்பட்டால் இரக்கம் பாராமல் நீரை வெட்டாந்தரையில் வெயிலில் ஊற்றிவிட வேண்டும். பெரிய உயிர்களை முதலில் வலையால் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது வெள்ளிக்கிழமைக் காலை வேலை. அதோடு சேர்த்துப் பீலி, குளிர்சாதனப் பெட்டித் தட்டு, சிரட்டை எல்லாவற்றையும் பிள்ளைகளே பார்க்கின்றனர். தடாகம் வந்த பின்னர்தான் எங்கள் வளவு உண்மையில் சுத்தமாயிற்று.

2018ஆம் ஆண்டில் மகனிடம் உண்மையைச் சொன்ன பின்னர் இருவருமாக ஒரு புதிய தடாகம் வெட்டினோம். ஆறு அடி நீளம், நான்கு அடி அகலம். ஆழம் நடுவில் ஒன்றரை அடிதான். ஒரு பக்கம் கட்டாயமாகச் சரிவாக இருக்க வேண்டும். இதுதான் மோதினார் அப்பாவின் பலகை எனக்குக் கற்பித்த பாடம். வாற்பேத்தைக்கு முன்னங்கால் முளைத்து, வால் சுருங்கத் தொடங்கும்போது அதன் செவுள்கள் மறைந்து நுரையீரல் வேலை செய்யத் தொடங்குகின்றது. அந்நாளில் ஏறி நிற்க இடமில்லையேல், நீரிலே பிறந்த உயிர் நீரிலேயே மூழ்கிச் சாகும். செங்குத்தான சுவருள்ள தொட்டிகளில் இது நடக்கின்றது. அப்படியான தொட்டிதான் உங்களிடம் இருக்குமாயின் ஒரு பலகையை மிதக்க விடுங்கள்.

புதிய சீமெந்து சுண்ணத்தை நீரில் விடும். ஆகையால் நீர் நிரப்பி, சில நாட்கள் வைத்து, வடித்து, மீண்டும் நிரப்பி, மூன்று வாரமாவது கழுவ வேண்டும். நாங்கள் அவசரப்பட்டு முதல் வாரமே செடி நட்டோம்; யாவும் வெந்தவை போலாயின. மழை நீர் மேலானது. குழாய் நீரானால் திறந்த வாளியில் ஓரிரு நாட்கள் வைத்து ஊற்றலாம். அல்லி ஒன்றிரண்டு, ஓரத்தில் கங்குங், வல்லாரை போதும். ஆகாயத்தாமரையையும் சல்வீனியாவையும் கொண்டுவராதீர்கள். அவை அந்நிய நாட்டுச் செடிகள். நமது குளங்களை மூடிக் கெடுத்தவை. கப்பி மீன்களை விட்டால் நுளம்புக் குடம்பிகளைத் தின்னும். தவளை முட்டைகளையும் சின்ன வாற்பேத்தைகளையும் கூடத் தின்னும். தவளை வேண்டுமெனில் மீன் வேண்டாம்; வாராந்தச் சோதனையை மட்டும் கைவிடாதீர்கள்.

நடை பழகும் குழந்தையுள்ள வீட்டில் தடாகத்தைச் சுற்றி வேலியும், நீரின் மேல் உறுதியான கம்பி வலையும் இன்றித் தடாகமே கூடாது. ஒரு சாண் தண்ணீர் ஒரு குழந்தைக்குக் கடலளவு. இதில் சலுகை கிடையாது.

தவளைகளை எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்பீர்கள். எங்கிருந்தும் கொண்டுவர வேண்டாம். இடம் மாற்றப்படும் உயிரோடு நோயும் இடம் மாறும். காட்டிலிருந்து பிடிப்பது தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கு முரணாகவும் அமையும். நீரை வைத்துவிட்டு மழைக்குக் காத்திருங்கள். ஒக்டோபர் மாத இரண்டாம் மழையிரவில் எங்கள் வளவில் முதல் குரல் கேட்டது. இஷாவுக்குப் பின் குடையும் டோர்ச்சுமாக வெளியே போனோம். கூப்பிடுபவை யாவும் ஆண்களே. தொண்டையின் கீழ் தோல் பலூனைப் போல ஊதிப் புடைப்பதைக் கண்ட மகன் என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தார்.

மறுநாள் ஸுபஹ் தொழுதுவிட்டு வந்தபோது, தடாகத்துக்கு மேலாகச் சாய்ந்திருந்த கறுவா இலைகளில் வெண்ணிற நுரைக் கட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ சவர்க்கார நுரையை எறிந்துவிட்டார்கள் என்றே என் மனைவி எண்ணினார். அது நமது மரத்தவளையின் நுரைக்கூடு. முதுகில் மணற்கடிகை போன்ற குறியும், விரல் நுனிகளில் வட்டத் தட்டுக்களும் உடையது. நம் குளியலறைச் சுவர்களில் ஒட்டியிருந்து பிள்ளைகளை அலற வைப்பதும் இதுவேதான். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. பெண் தவளை தன் உடலில் சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி, முட்டைகளை அதற்குள் வைக்கின்றது. வெளிப்புறம் காய்ந்து ஓடாகின்றது. உள்ளே ஈரம் காக்கப்படுகின்றது. சில நாட்களில் கூட்டின் அடி இளகி, வாற்பேத்தைகள் ஒவ்வொன்றாக நேரே நீரில் விழுகின்றன. தப்பி நிலத்தில் விழுந்த மூன்றை மகன் நனைந்த இலையால் ஏந்தி நீரில் விட்டார்.

தேரை வேறு விதம். நீர்ச்செடிகளைச் சுற்றிக் கறுப்பு மணிகள் கோத்த தஸ்பீஹ் மாலையைப் போல நீண்ட இரு சரங்களாக முட்டையிடுகின்றது. எங்கள் தடாகத்தில் தேரைக் குஞ்சுகள் ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் கரையேறின. மரத்தவளைக்கு இன்னும் சற்று நீண்டது. அந்நாட்களில் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் மகன் திகதியிட்டு எழுதினார்: பின்னங்கால், முன்னங்கால், வால். வால் சுருங்கும் நாட்களில் அவை எதையும் உண்பதில்லை. அந்த வாலே அவற்றின் கட்டுச்சோறு. தாவரம் தின்ற நீண்ட குடல், பூச்சி தின்னும் குறுகிய குடலாக மாறுவதும் அப்போதுதான். வளர்ந்த தவளை இரையை விழுங்கும்போது கண்களை மூடுவதையும் பார்த்தோம். அந்தக் கண்கள் உள்ளே இறங்கி இரையைத் தொண்டைக்குத் தள்ளுகின்றன என்பதைப் பின்னர் வாசித்து அறிந்தோம். மார்க்க வகுப்பில் படைப்பைச் சிந்தியுங்கள் என்று நான் ஆண்டுக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கொப்பியைப் பார்த்த பின்னரே, சொல்வதற்கும் சிந்திப்பதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரிந்தது.

தடாகம் இருந்தால் தவளை மாத்திரம் வராது. தும்பிகள் வந்து நீரில் வாலைத் தொட்டு முட்டையிட்டன. மீன்கொத்தி மதிலில் உட்கார்ந்தது. ஒருநாள் காலையில் ஒரு கொக்கு அசையாமல் நின்று வாற்பேத்தைகளைக் கொத்தியெடுத்தது. மகன் கல்லைத் தூக்கினார். நான் கையைப் பிடித்தேன். "வாப்பா, அது எங்கட தவளைகளைத் தின்னுதே!" என்று அழுதார். "கொக்குக்கும் ரிஸ்க் எழுதப்பட்டிருக்கு மகன். நூற்றுக்கணக்கில் முட்டை இருந்ததே, ஏன் என்று யோசிச்சுப் பாருங்க" என்றேன். அவர் உடன்படவில்லை. அல்லிகளை நெருக்கமாக நட்டு, ஒளிந்துகொள்ள இடம் செய்து கொடுத்தார். அதை நான் தடுக்கவில்லை. அவர் செய்ததும் ஓர் இபாதத்தாக இருக்கலாம்.

பாம்பு வருமா என்றால், வரும். தவளை உள்ள இடத்திற்கு நீர்ச்சாரையும் சாரையும் வருவது இயல்பு. அவை நஞ்சற்றவை. ஆனால் இருட்டில் எந்தப் பாம்பு எது என்று யார் பார்ப்பது? எங்கள் வீட்டில் ஒரு நீர்ச்சாரை வந்த அன்று என் உம்மா தடாகத்தையே மூடிவிடச் சொன்னார். அவருடைய அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. புல்லை ஒட்ட வெட்டினோம். விறகுக் குவியலை அகற்றினோம். நடைபாதைக்கு விளக்குப் போட்டோம். டோர்ச்சும் செருப்பும் இன்றி இரவில் யாரும் இறங்கக் கூடாதென்று சட்டம் வைத்தோம். புதிதாக அமைப்பவர்கள் வீட்டு வாசலிலிருந்து இயன்றளவு தள்ளி அமையுங்கள். உம்மா இன்றும் தடாகத்தின் பக்கம் போவதில்லை. மழையிரவில் சத்தம் குறைந்தால் மட்டும், "இன்றைக்கு ஏன் அதுகள் சத்தமில்ல?" என்று கேட்பார்.

குளமே தேவைப்படாத தவளைகளும் நம் நாட்டில் உண்டு. இலங்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட தவளையினங்கள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை இத்தீவுக்கே உரியவை. அவற்றுள் ஏராளமான சிறு புதர்த்தவளைகள் ஈரமண்ணிலோ இலையிலோ முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வாற்பேத்தை வராமல் நகக்கண்ணளவு தவளையே வெளிவருகின்றது. பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்கள் ஏற்கெனவே இவ்வுலகிலிருந்து மறைந்துவிட்டன. வளவைக் கூட்டிச் சருகைக் குவித்துத் தீ வைக்கும் நமது வழக்கம் இத்தகைய சிற்றுயிர்களின் இருப்பிடத்தையே எரிக்கின்றது. ஒரு மூலையிலாவது சருகை மட்கவிடுங்கள். பாக்கும் கறுவாவும் உள்ள வளவுகளில் இது கடினமில்லை.

ஈரவலயத்தில் வசிக்கும் நேயர்கள் ஒக்டோபர் மழைக்கு முன் தடாகத்தை ஆயத்தப்படுத்த விரும்பினால் ஆகஸ்ட் மாதமே சீமெந்து வேலையை முடித்துவிட வேண்டும். கழுவுவதற்கு நாட்கள் தேவை. கிழக்கிலும் வடக்கிலும் வசிப்போருக்கு இன்னும் சற்று அவகாசம் உண்டு. சீமெந்துக்கு வசதியில்லாதவர்கள் தடித்த கறுப்புப் பொலித்தீனைக் குழியில் விரித்து, ஓரத்துக்குக் கல் அடுக்கினாலும் போதுமானது. அந்த ஏழு வயதுச் சிறுவரின் தகப்பனார் அப்படித்தான் செய்திருக்கிறார். சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். பதினேழும் எடுத்த ஓடையிலேயே விடப்பட்டனவாம். தடாகம் இன்னும் வெறுமையாக இருக்கின்றதாம். மகன் தினமும் மஃரிபுக்குப் பின் போய் உட்கார்ந்து பார்க்கிறாராம்.